விதை வெடிக்கும் மாதம்

ஆகஸ்டில் ரப்பர் காய் வெடிக்கும்.
டப்பென்று ஒன்று.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் தகரக் கூரைமேல் நாலைந்து.

வீட்டை ஒட்டிய ஆறு மரங்களிலும்
துரட்டி எட்டும்வரை
பச்சையாகவே பறித்துவிடுவேன்.
எட்டாத காய்கள்
எட்டாத உயரத்தில் காய்கின்றன.

அம்மா ஆறு மணி ஃபேக்டரி பஸ்ஸில் போய்விடுவாள்.
தஞ்சோங் மாலிம் பக்கம்
ஜப்பான்காரன் ரேடியோவுக்கு
விடிய விடிய ஈயம் பற்றவைப்பாள்.
மாத்திரையை என் உள்ளங்கையில் எண்ணித் தருவாள்,
அப்பா இருக்கும் திசையைப் பார்க்காமல்.

பெட்டியில் ஒரு மெடல்,
கிரிக் காட்டில் எடுத்த படம்.
முன்னால் நிற்பவர் ஹம்டான்.
வரிசையிலும் அவர்தான் முன்னால் நடந்தாராம்.
அதற்குமேல் அப்பா சொன்னதில்லை.
இரண்டாவது ஆள் யாரென்று நான் கேட்டதில்லை.

சிலிம் ரிவர் பஸ் வரும் முச்சந்திவரை
செம்மண் சாலையில் என்னை முன்னே விடமாட்டார்.
அவர் கால் வைத்த இடத்தில் என் கால்.
பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்
"லெஃப்ட், ரைட்" என்பார்கள்.
இந்த வருடம் நான் வளர்ந்துவிட்டேன்.
அவர் எட்டுக்காக
என் எட்டைக் குறுக்கிக்கொள்கிறேன்.

நேற்று கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது
எட்டாத காய் ஒன்று வெடித்தது.
மறுநொடி நான் தரையில்,
என்மேல் அப்பா, முழுப் பாரமும்.
கஞ்சி கணுக்காலைச் சுட்டது.
கத்தவில்லை.
கத்தினால் அவருக்கு அது என் குரலாக இருக்காது.
சட்டையில் ஒட்டுப்பால் வாடை,
என் முதுகில் அவர் நெஞ்சின் அடி.

அந்த நேரம் தமிழ் அவருக்குக் கேட்காது.
"சுடா ஹாபிஸ், கோப்ரல்" என்றேன்.
முடிந்துவிட்டது என்று மலாயில்.
அந்த 'சுடா' மட்டும்
எப்போதும் எனக்குத் தமிழாகவே கேட்கும்.
"எழுந்திருக்கலாம்."

"எல்லாருமா?" என்றார்.

பதினாறு வயதுக்குள் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன்,
வகுப்பாசிரியரிடம், வட்டிக்காரனிடம்,
அம்மா வீட்டில் இல்லை என்று.
இதற்கு வாய் வரவில்லை.
"நானும் நீங்களும்."

பாரம் ஒவ்வோர் எலும்பாக இறங்கியது.
என் கணுக்காலைப் பார்த்தார்.
பற்பசை எடுத்துவந்து தடவினார்,
கை நடுங்காமல்.

வெளியே மறுபடி ஒன்று.
இருவரும் தலை தூக்கினோம்.
"காய்தான்" என்றேன்.
"தெரியும்" என்றார்,
மேசைக்கடியில்
பற்பசை மூடியைத் தேடிக்கொண்டே.