செட் பாயின்ட்

ஜெபல் அலி, ஆகஸ்ட், இரவு ஒன்று நாற்பது.
முப்பத்தாறு டிகிரி.
ஈரப்பதத்தைக் கேட்காதீர்கள்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே
சட்டை முனை நைந்துவிட்டது.

ரீஃபர் யார்டு, ஏழாம் வரிசை.
இடப்பக்கம் பிரேசில் கோழி,
வலப்பக்கம் நியூசிலாந்து ஆட்டுக்கறி,
நடுவில் இந்தப் பெட்டி.
சரக்கு: பனிக்கட்டி.
"அதையுமா இறக்குமதி செய்கிறார்கள்?"
என்று சிரித்தான் சுங்கத்துப் பையன்.
இறக்குமதி இல்லை, வழிப்போக்கு.
வடதுருவத்துப் பக்கம் துளையிட்டு எடுத்தது.
கோவாவில் ஓர் ஆய்வகத்துக்குப் போகிறது.
நம்மிடம் நான்கு நாள் தங்கல்.

கதவில் ஒட்டிய தாளில் ஆறு நாட்டு முத்திரைகள்.
ஆறாவதன் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு,
பக்கத்தில் யாருடையதோ சுருக்கொப்பம்.
என்ன சண்டை, எந்த மேசையில் முறிந்தது,
தாள் சொல்லவில்லை.
பெட்டிக்குள் அந்த நாட்டுக்காரன் அறுத்த துண்டும்
இருக்கிறதோ என்னவோ.
சீல் வைத்திருக்கிறது. நான் திறக்க முடியாது.

நான் பார்ப்பது மூன்று எண்கள்.
கேட்ட குளிர், மைனஸ் இருபத்தைந்து.
அனுப்பும் காற்று, மைனஸ் இருபத்தாறு.
திரும்பி வரும் காற்று,
அது ஒன்றுதான் பொய் சொல்லாது,
மைனஸ் இருபத்திரண்டு.

இருபது.

பத்தொன்பது.

பிரேக்கர் விழுந்திருக்கிறது.
தூக்கிவிட்டால் நிற்கவில்லை, மறுபடி விழுகிறது,
குடித்தவன் மாதிரி.
அவசரத்துக்கு என்று எழுதியிருந்த எண்ணை அழைத்தேன்.
ட்ரோம்சோவில் ராக்னில்ட் எடுத்தாள்.
"பதினைந்தைத் தாண்ட விடாதீர்கள்,
குமிழிகளில் பழைய காற்று இருக்கிறது."
எவ்வளவு பழையது?
"நாம் யாரும் மூச்சு விடாத காற்று."
பிறகு கேட்டாள்: அங்கே வெளியே எவ்வளவு?
சொன்னேன்.
"இரவிலா?"
இரவில்தான்.
"இங்கே பதினாறு," என்றாள்,
பதினாறு என்பது ஏதோ கெட்ட செய்தி போல.

உள்ளிருக்கும் பதிவுக்கருவி கொரியாவினுடையது.
அதன் கடவுச்சொல் டென்மார்க்கில் ஒருவரிடம்.
அவர் தூங்குகிறார்.
அவரை எழுப்பலாமா கூடாதா என்று
கோவாவிலிருந்து நயனா பிரபுதேசாய்
நான்கு நாட்டுக்கும் செய்தி தட்டிக்கொண்டிருந்தார்.
விஞ்ஞானம் என்றால் இதுதான் போலிருக்கிறது,
பாதி நேரம் யாரை எழுப்புவது என்ற கேள்வி.

குல்ஜமான் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான்.
சாக்கெட்டை மூடி திறந்து முகர்ந்தான்.
"கருகிவிட்டது. நாற்பது நிமிடம்."
வேறு சாக்கெட் காலியில்லை.
ரோதேல் கோழிப் பெட்டியைத் தட்டினான்,
கதவைத் தட்டி அனுமதி கேட்பதுபோல,
பிளக்கை உருவி என்னிடம் நீட்டினான்.
"கோழி மன்னிக்கும், அண்ணா."

கம்ப்ரசர் உறுமி எழுந்தது.
பெட்டியின் முதுகுப்பக்கம் போய் நின்றேன்.
உள்ளே இறங்க இறங்க
வெளியே அனலாய் அடித்தது முகத்தில்.
இருபத்தோரு வருடமாகச் செய்யும் தொழில்,
குளிரை நான் ஒருநாளும் உண்டாக்கியதில்லை.
இங்கிருக்கும் சூட்டை அங்கே தள்ளுவேன்.
அங்கே என்பது எங்கே என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்டது இந்தப் பெட்டிதான்,
சீல் வைத்த வாயோடு.

நயனாவிடம் கேட்டேன், புகைக்கரி தெரியுமாமே பனியில்?
"தெரியும். மெல்லிய கறுப்பு வரி."
எங்கள் ஊர்க் கரியா, இந்த ஊர்க் கரியா?
"எல்லாருடையதும்."
கோடு போட்ட நாட்டினுடையதுமா?
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
பிறகு ஒரு சொல் வந்தது: "அதுவும்."

இரண்டே முக்கால். மைனஸ் இருபத்திரண்டு.
பனி தன் சாக்கெட்டுக்குத் திரும்பியது, கோழி தன்னுடையதற்கு.
ஆறு மணிக்கு டென்மார்க்கிலிருந்து கடவுச்சொல் வந்தது,
மன்னிப்போடு.

இப்போது மீதி வேலை பதிவேடுதான்.
கோழியின் பக்கத்தில் நாற்பது நிமிடம் வெற்றிடம்.
'காரணம்' என்றொரு கட்டம்.
பழுது இல்லை. மின்வெட்டு இல்லை. கவனக்குறைவும் இல்லை.
ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று புரியவில்லை.
தமிழில் எழுதினேன்:
கைமாற்று.

சூப்பர்வைசர் இன்னும் கூப்பிடவில்லை.