பதினைந்து டிகிரி

மூசா நெய்னாவின் மச்சான் ஷார்ஜாவிலிருந்து
துணிகளுக்கு நடுவே பொதிந்து அனுப்பினார்
ஒரு ஜோடி முகப்பு விளக்கு.
உப்புக் காற்றே அறியாத கண்ணாடி.
கீழக்கரை வண்டிகளுக்கெல்லாம்
ஒரே வருடத்தில் கண்புரை விழுந்துவிடும்.
மீன் வண்டிக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்றேன்.
மாட்டியும் கொடுத்தேன். கூலி எண்ணூறு.
சுவரில் அடித்துப் பார்க்கவில்லை,
அன்று பட்டறையில் பெருநாள் கூட்டம்.

மூன்றாம் நாள் பின்னிரவு
ஏர்வாடியிலிருந்து டிவிஎஸ்ஸில் வருகிறேன்.
எதிரே ஒரு வெள்ளை.
சாலை போயிற்று. கை போயிற்று.
இறங்கிய இடம் கருவேல முள்.
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட
தூத்துக்குடிப் பக்கம் அது கடந்து போனபோது தெரிந்தது
யார் வண்டி என்று,
யார் வேலை என்று.

மறுநாள் பின்சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி
வண்டியை நிறுத்தி டிப் போட்டேன்.
கோடு நேராக வந்தது,
நடுவில் யோசித்தது,
வலப்பக்கம் ஏறியது.

அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள்.
ஓரம் நடப்பவனுக்குப் பதினைந்து டிகிரி தூக்கு,
எதிரே வருபவனுக்குத் தாழ்த்து என்ற சட்டத்தை
விளக்குக் கிண்ணத்திலேயே வார்த்து வைத்திருக்கிறார்கள்.
இங்கே அதே கருணை
எதிராளி கண்ணில் முழுசாக விழுகிறது.
வாலிநோக்கம் உப்பளத்துக்கு
மூன்று மணிக்கே இடதோரம் நடக்கும் பெண்கள்மேல்
ஒரு சொட்டும் விழுவதில்லை.

"பல்பைத் திருப்பிப் போட்டா?"
"கோளாறு பல்புல இல்ல பாய்."

கருப்பு டேப்பை முக்கோணமாக வெட்டி ஒட்டினேன்.
கூச்சம் நின்றது. இடப்பக்க இருட்டு நிற்கவில்லை.
எஃப்.சி.க்கு ராமநாதபுரம் கொண்டு போனார்.
ஆய்வாளர் சிவகாமசுந்தரி
டேப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்து
"இது எந்த ஊரு வெளிச்சம்?" என்று கேட்டாராம்.
வேறெதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

பரணிலிருந்து பழைய விளக்கை இறக்கினேன்.
மஞ்சள் பாரித்த முகம்.
ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் தாளில்
தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், அஸர் பாங்கு சொல்லும்வரை.
மூசா பாய் பக்கத்தில் நின்று
நாற்பதாயிரம் நாற்பதாயிரம் என்று முனகினார்.

இருட்டியதும் மறுபடி சுவர்.
மங்கல்தான்.
கோடு நேராக வந்து இடப்பக்கம் ஏறியது.
ஏறிய இடத்தில்
மகள் சாத்தி வைத்த சைக்கிள்,
மணி, கேரியர், அதில் கட்டிய டிபன் பை.

நேற்றும் அங்கேதான் நின்றிருந்ததாம்.