நூற்றுக்கு ஆறு

ஏப்ரல் சேற்றில் ஒருநாள்
அச்சு வரைக்கும் இறங்கி நின்றது ரக்.
முதுகில் பதினாலு குழாய், முன்னால் எண்ணெய்க் கிணறு,
நடுவில் நான், ஒரு காலில் பூட்ஸ் இல்லை.
புல்டோசர்க்காரன் இழுத்துவிட்டு
இருநூறு டொலர் வாங்கினான், சிரிக்கவும் செய்தான்.
அந்தச் சிரிப்புக்குத்தான் ரயர் மாற்றினேன்,
சேற்றுக்கல்ல.

"அகலக்கால் வைக்காதேங்கோ" என்றாள் சுகந்தினி.
வைத்தேன்.
முப்பத்துமூன்று அங்குலம் கழன்று
முப்பத்தைந்து ஏறியது.

கிராண்ட் பிரெய்ரியில், ஒரெஸ்டின் கடையில்,
இடுப்பளவு உயரத்தில் நாலு கறுப்புச் சில்லுகள்.
புது ரப்பரில் அங்கங்கே மெல்லிய மயிர்,
பிறந்த பிள்ளையின் காதோரம் இருக்குமே, அப்படி.
ஸ்ரேரிங்கை முழுக்க ஒடித்தபோது
உள்ளே எதுவோ கறகறத்தது.
ஒரெஸ்ட் குனிந்தான், கத்தி எடுத்தான்,
மட்கார்டின் உட்பக்கப் பிளாஸ்ரிக்கில்
உள்ளங்கையளவு அறுத்து எறிந்தான்
பல் வைத்தியரைப் போல,
இரக்கமில்லாமல், சரியாக.
நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு
நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னான்.
எந்த நூறு என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்
தொங்கும் சட்டம் கூரையைத் தட்டித் திருப்பி அனுப்பியது.
உயர்ந்தது ஓர் அங்குலம்தான்.
அந்த ஓர் அங்குலம் போதுமாயிருந்தது.
சுகந்தினி பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து ஏறினாள்,
ஏறி இருந்துகொண்டு
கயிற்றால் பெட்டியையும் மேலே இழுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இழுத்தாள்.

பில் எழுதுவது அவள்.
யார்ட்டிலிருந்து பதினேழாம் கிணறு
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்து வருசமாகக் கை தானாக எழுதும் எண்.
ஜூனில் என் சிட்டையில் அது இருநூறு.
"றோட்டைச் சுருக்கிப் போட்டாங்களோ?"

கறன்ற் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடத் தூரம் போகிறது.
வண்டிக்குச் சுற்று மட்டும்தான் தெரியும்,
பழைய காலின் அளவில் எட்டு வைத்து எண்ணுகிறது.
நூற்றுக்கு ஆறு குறைகிறது.
கொம்பனி காசு தருவதோ கிலோமீற்றருக்கு.
முப்பத்தொரு பயணம், போக வர:
எழுநூற்று நாற்பத்துநாலு கிலோமீற்றர்
நான் ஓடியும் ஓடாதவன்.

அப்போதுதான் அந்தத் தண்டமும் விளங்கியது.
நூற்றுப் பதினாறு என்றான் பொலிஸ்காரன்.
நூற்றுப்பத்து என்று சத்தியம் செய்தேன்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஒரெஸ்ட் ஒரு வயரைச் செருகினான்,
இருபது நிமிசம், தொண்ணூறு டொலர்,
முள் உண்மை பேசத் தொடங்கியது.
பழசுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றது கொம்பனி.
மீற்றரில் உள்ளதுதான் தூரமாம்.

சில இரவுகளில் தேடிப்பார்க்கிறேன்
அந்த எழுநூற்றுச் சொச்சம் எங்கே கிடக்கிறதென்று.
அதிகாலை ஐந்து மணி, மூடுபனி,
தாயும் கன்றுமாய் இரண்டு மூஸ் மான்
றோட்டின் நடுவில் யோசித்துக்கொண்டு நின்றன.
விளக்கை அணைத்துக் காத்திருந்தேன்.
அது எழுதப்படாத பன்னிரண்டுக்குள் நடந்ததா,
எழுதிய இருநூறிலா?
நின்ற நேரத்துக்கு எப்படியும்
எந்தச் சில்லும் கணக்கு வைப்பதில்லை.

பெட்டிக்குக் கீழே
ஸ்பெயர் மட்டும் இன்னும் முப்பத்துமூன்று.
அந்தக் கூட்டுக்குள் பெரியது நுழையாது.
பனியில் ஒருநாள் ஆணி குத்தினால்
மூன்று புதுக்காலும் ஒரு பழைய காலுமாக
வீடுவரை நொண்டவேண்டும்.
சுகந்தினி அதற்கும் ஒரு வீதம்
போட்டு வைத்திருக்கிறாள்.
கேட்டால் சொல்கிறாள் இல்லை.