மூணாவது குவாட்டர்

கணபதியில் ஒரு பம்புசெட் கடையின் மேல்மாடி.
ஐந்து பேர் உட்கார்ந்து
செல்போனுக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டம் செய்கிறோம்.
என் பங்கு எண்கள்.
மூன்று புள்ளிக் கோட்டில் நின்று எறிந்தால்
நூற்றுக்கு எத்தனை விழ வேண்டும்,
எதிரே ஒருவன் கையைத் தூக்கினால்
அதில் எத்தனை கழிய வேண்டும்,
ஓடி வந்து குடிக்கிற ஒரு மிடறு தண்ணீருக்கு
எவ்வளவு மூச்சைத் திருப்பிக் கொடுக்கலாம்.

முதல் தடவை உண்மையையே செய்தேன்.
பீளமேட்டு சிமெண்ட் மைதானத்தில்
மூன்று சாயங்காலம் நோட்டோடு எண்ணினேன்.
நாங்கள் எறிந்தது இருநூற்றுப் பதினான்கு.
விழுந்தது அறுபத்தெட்டு.
அதை அப்படியே போட்டேன்.
வலப்பக்கம் சாய்ந்த அந்த வளையத்தைப் போட்டேன்.
பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து
பந்தின் காதைத் திருகுகிற ஆடிக் காற்றையும் போட்டேன்.
சோதித்துப் பார்ப்பவள் மேகலை,
அவினாசியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
இருபது நிமிடம் ஆடிவிட்டு
ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.
"ஏனுங்ண்ணா, இதுக்கு நான் நெசமாவே
வெயில்ல போயித் தோத்துக்குவனே."

இரண்டாம் தடவை தாராளம்.
எறிந்ததெல்லாம் விழுந்தது.
ஐந்தடிக்காரன் வளையத்தில் தொங்கினான்.
பந்து தீப்பிடித்துப் பறந்தது.
நாங்கள் போட்ட கூச்சலில்
பம்புசெட் கடை ராக்கியப்பன் படியேறி வந்து
ஷார்ட் சர்க்யூட்டா என்று கேட்டார்.
மூன்றாம் நாள் யாரும் அதைத் தொடவில்லை.
பிழைப் பட்டியலில் மேகலை ஒரே வரி எழுதியிருந்தாள்:
தோக்க முடியலீங்.

அதன் பிறகுதான் பொய்யை நிறுத்துக் கலக்கக் கற்றேன்.
திரையில் எழுபது என்று காட்டினால்
உள்ளே எண்பது.
எழுபது என்று சொல்லிவிட்டால்
நூறு என்றுதானே கேட்கிறது மனசுக்கு?
அடுத்தடுத்து இரண்டு தவறினால்
மூன்றாவதை நைசாக உள்ளே தள்ளிவிடுவேன்.
உழவர் சந்தையில் எடை முடிந்த பிறகு
தட்டில் வந்து விழுகிற ஒரு தக்காளி.
வாங்குகிறவருக்குத் தெரியும்.
கேட்பதில்லை.
வளையத்தை நிமிர்த்தினேன்.
காற்றை மட்டும் எடுக்க மனம் வரவில்லை,
பாதியாகக் குறைத்தேன்.

சென்னியப்பன்தான் எங்கள் டீமின் உயரம்.
பகலெல்லாம் ஃபவுண்டரியில் இரும்பு ஊற்றுகிறவன்.
புரட்டாசியில் ஒரு ரீபவுண்டுக்கு எகிறி
இறங்கும்போது முட்டியில் கேட்ட சத்தம்
பந்துச் சத்தத்தைத் தாண்டி எல்லாருக்கும் கேட்டது.
ஆறு மாதம் என்றார் டாக்டர்.
அப்புறம் பார்க்கலாம் என்றும் சொன்னார்.
முடித்த ஆட்டத்தை அவனுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.
"என்ற ஆளு அத்தன ஒசரத்துலிருந்து குதிக்கறானே,
முட்டி வலிக்காதா அவனுக்கு?"
"வேணும்னா வெக்கலாம்.
அடிபடறதுக்கு ஒரு கணக்கு இருக்குது.
அணைச்சு வெச்சிருக்கேன்."
அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
"வேண்டாம்டா. அது அங்கயே கெடக்கட்டும்."

சித்த நேரம் கழித்து,
"ஆனா மூணாவது குவாட்டர்ல மூச்சு வாங்கோணும்.
இடுப்புல கைய வெச்சுக் குனிஞ்சு நிக்கோணும்.
வேர்வை கண்ணுக்குள்ள எறங்கி
ரிம்மு ரெண்டாத் தெரியோணும்டா.
அதுகூட இல்லீனா
நான் எதுக்கு இங்க படுத்துட்டு வெளையாடறேன்?"

மறுநாள் எழுதினேன்.
களைப்பு எண்பதைத் தாண்டினால்
அரை நொடிக்கு வளையம் இரண்டாகும்.
மத்தியானமே பட்டியலில் ஏறிவிட்டது:
வளையம் இரண்டாகத் தெரிகிறது. அவசரம்.
பிழையல்ல, வேண்டுமென்றே வைத்தது என்று மூடினேன்.
அவள் திரும்பத் திறந்தாள்.
"செரிங்ண்ணா. எதுல போடறது?"

இடது பக்கத்து வளையத்தில் என்று எழுதினேன்.
எந்தக் கணக்கும் போட்டுப் பார்க்கவில்லை.
பீளமேட்டில் நான் எப்போதும்
அப்படித்தான் எறிவேன்.
சில நாள் விழும்.