ஒன்பது பார்

நேப்பிள்ஸில் பதினொரு வருடம்
யார் யாரோ வீட்டுத் தரை துடைத்த நாத்தனார் அமலோற்பவம்
கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கி வந்த மெஷின்.
வத்தளையில் அவள் ஒற்றை அறையில் இடமில்லை.
இப்போது தலவாக்கலையில்
என் குசினி மேசையில் உட்கார்ந்து
பக்கத்து வீட்டுச் சேவலைப் பயமுறுத்துகிறது.

"ஒன்பது பார்" என்றாள் வாட்ஸ்அப்பில்.
பார்த்தேன்.
முள் பதினைந்தில் நின்றது.
கோப்பி பீறிக்கொண்டு வந்தது,
கம்பியை நக்கியது போல
நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு.

நாலு ஸ்குரூ கழற்றி மூடியைத் தூக்கினால்
உள்ளே ஒரு ஊரே இருக்கிறது.
சிவப்பு வயர், நீல வயர், வெள்ளைக் குழாய்,
நடுவில் சுண்டுவிரல் பருமனில் ஒரு பித்தளைத் தலை.
அதற்குள் ஒரு ஸ்பிரிங்.
அதை இறுக்குவதும் விடுவதும்தான் எல்லாம்.
ஆட்டோ பாஸ் நிஹாலிடம் வாங்கிய எலன் கீ
சரியாகப் பொருந்தியது.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஓட்டையில்லாத தட்டைப் பிடியில் போட்டு
பம்பை முடுக்கினேன்.
போக வழியில்லாத தண்ணீர்
முள்ளைப் பிடித்துத் தள்ளியது.
இடப்பக்கம் கால் சுற்று.
பதிமூன்று.
இன்னொரு கால்.
பதினொன்றரை.
கையைக் கவுனில் துடைத்து
கால்வாசியில் கால்வாசி,
அதிலும் கொஞ்சம்.
ஒன்பது.

அன்று போயா.
கக்கூசுக்குப் பின்னால்
யாரும் நடாமல் முளைத்த மரத்தின் கொட்டை,
இரும்புச் சட்டியில் நானே வறுத்தது.
இந்த உயரத்தில் தண்ணீர்
நூறு வரைக்கும் காத்திருப்பதில்லை,
அதற்கு முன்பே குதித்துவிடும்.
இருபத்தெட்டு விநாடி.
எலிவால் மொத்தத்தில், பாணி நிறத்தில்,
நடுங்காமல் இறங்கியது.
நின்றுகொண்டே குடித்தேன்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.
சந்திரபோஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் இரவு முள் எட்டே காலில் நின்றது.
மூடியைக் கழற்றி வலப்பக்கம் திருப்பினேன்.
விடிந்து பார்த்தால் பத்தைத் தாண்டியிருந்தது.
இடப்பக்கம் திருப்பினேன்.
இரவு மறுபடி எட்டு.
மூன்று நாள் இந்தச் சண்டை.
நாத்தனாரைத் திட்டினேன், நேப்பிள்ஸைத் திட்டினேன்,
ஸ்பிரிங்கின் ஏழு தலைமுறையைத் திட்டினேன்.

நாலாம் நாள், எட்டுப் பத்துக்கு,
கோப்பி பாதி இறங்கும்போது
குசினி பல்பு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
பம்பின் முனகல் அரைச் சுரம் இறங்கியது.
முள்ளும் இறங்கியது.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
எதிர்ச் சரிவில் பெக்டரி மேல் மாடி
வரிசையாக வெளிச்சம் போட்டிருந்தது.
ஈரக் கொழுந்துக்குக் கீழே விசிறிகள்
ஊ என்று எழும்பிக்கொண்டிருந்தன.

அந்த விசிறிகளைப் போடுகிறவன்
என் புருஷன்.
அட, என் ஒன்பதைத் தின்கிறவன் நீதானா.

அப்புறம் நான் திருப்பவில்லை.
போயாவுக்கு வைத்த ஒன்பது அப்படியே இருக்கட்டும்.
இரவில் கொட்டையைச் சற்று நைசாக அரைத்தால் போதும்.
முள் விழும்போது
சுவிட்சிலிருந்து கையை எடுத்து
அவன் பீடி தேடுவான் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று ஒன்பதே காலுக்கு இன்னொரு தரம் விழுந்தது.
எட்டையும் தாண்டி, ஏழரைக்கு.

காலை ஆறு மணிக்கு வந்தான்,
சட்டையெல்லாம் வாடிய இலை வாசம்.
கோப்பி குடிக்க மாட்டான், பிளேன்டிதான்.
ஊற்றிக்கொண்டே சொன்னேன்,
"ராத்திரி எனக்கு ஏழரை."
"சனியா?"
"முள்ளு."
கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.
"எத்தன மணிக்கு?"
சொன்னேன்.
"மூணாம் மோட்டர். பேரிங் போகுது.
அதான் கரண்ட இழுக்குது.
நான் சொன்னா டீமேக்கர் நம்ப மாட்டேங்கிறாரு.
நேரத்தோட எழுதிக் குடு."

பழைய கலண்டர் தாளைக் கிழித்து எழுதினேன்.
எட்டுப் பத்து, எட்டே கால்.
ஒன்பதே கால், ஏழரை.
கீழே
என் கையெழுத்தும் போட்டேன்.