கழுதைக்குக் கேட்காத பம்ப்

மோட்டாரை விற்றாயிற்று.
வெங்காயப் பாத்தியோரம் அது நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறுப்பாய் ஒரு வட்டம்;
அங்கே மட்டும் புல் இன்னும் வரவில்லை.

செனகலின் கடலோர மணலில்
நான்கு சோலார் பலகைகள்
வெயிலுக்கு மல்லாந்து கிடக்கின்றன.
தண்ணீர் வருகிறது,
வருவதாகச் சொல்லாமல்.

கழுதைக்குத்தான் புரியவில்லை.
ஒன்பது வருடமாய் அந்தத் தடதடப்புதான்
அதற்குத் தாகம்.
தொட்டி வழிந்தும்
வேலிக்கப்பால் காதை ஆட்டி நிற்கிறது.

யாந்தே சுற்றிலும் பார்க்கிறாள்.
லாதிர் இல்லை. யாருமே இல்லை.
மண்வெட்டியை ஊன்றி
வாயைக் குவித்து
டுக் டுக் டுக் டுக் என்கிறாள்,
நடுவில் இருமுகிறாள்
பழைய மோட்டார் போலவே.

வந்துவிட்டது.

குடிக்கிறது. மேகமொன்று கடக்க
குழாயில் நீர் நூலாகிறது.
டீசல் கடைக்காரர் நோட்டில்
அவள் பெயருக்கு நேரே இன்னும்
மூன்று பக்கம் புகை.