நாற்பத்திரண்டு கட்டம்

ஒரு நோட்டு, ஒரு பேனா,
தகர டப்பாவில் டாக்ஸிசைக்ளின்.
சனகா ஆற்றங்கரையில் பதினேழு வீடு என் பொறுப்பு.
ஆளுக்கு நாற்பத்திரண்டு கட்டம்.
விழுங்கியதைக் கண்ணால் பார்த்தபின்தான் டிக்.

மணல் அள்ளும் பிகோயி முதல் நாளே கேட்டார்:
புழுவைக் கொல்லுமா?
நேராகக் கொல்லாது.
அப்புறம் எதற்கு?
புழுவுக்குள் ஒரு குடித்தனம் இருக்கிறது, பிகோயி,
கண்ணுக்குத் தெரியாத கிருமி.
அது இருக்கும்வரை புழு பெற்றுத் தள்ளும்,
குஞ்சுகள் தோலடியில் நடந்து நடந்து
கண்வரை வந்துவிடும்.
குடித்தனத்தைக் காலி செய்தால்
புழு மலடாகும். வற்றி ஒருநாள் சாகும்.
எந்த நாள்?
ஒன்றரை வருஷம். இரண்டும் ஆகலாம்.
சிரித்தார்.
வலது கண் சிரிக்கவில்லை,
அது எப்போதோ வெளுத்துவிட்டது.

வெறும் வயிற்றில் வேண்டாம்,
முழுக் குவளைத் தண்ணீர் குடி,
விழுங்கியதும் படுக்காதே,
வெயிலில் நிற்காதே, தோல் எரியும்.
கடைசி வரியை
நாளெல்லாம் நடு ஆற்றில் நிற்கிறவரிடம் சொன்னேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள்
அவர் மனைவி பெலாஜி கை நீட்டவில்லை.
நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள்.
நாள் எண்ணுவதே வேலையாகத் திரிகிற எனக்கு
ஒரு கணம் பிடிபடவில்லை.
பிறகு
மீதி இருபத்துநான்கு கட்டத்தையும்
ஒரே கோட்டில் அடித்தேன்.
பிள்ளையின் எலும்பில், பல்லில் மருந்து ஏறிவிடும்
என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பின் ஒவ்வொரு மாலையும்
பிகோயி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு
காய்ந்த சோளக்கட்டையால்
அவள் முதுகைத் தேய்ப்பார்.
இன்னும் மேலே, என்பாள். இடப்பக்கம். அழுத்து.
தண்ணீர்க் குவளையோடு நான் நிற்பேன்.
அவள் போதும் என்ற பிறகுதான்
அவர் விழுங்குவார்.
டிக்.

அடுத்த வருஷ மழை ஓய்ந்ததும் போனேன்.
இடுப்பு முடிச்சு இருக்கிறது, அரிப்பு இல்லை,
விடியும்வரை தூங்குகிறேன் என்றார்.
வலது கண்?
அது உன் நோட்டிலேயே கிடையாதே.

பெலாஜி ஒரு கையில் பிள்ளையை அணைத்துப்
பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்,
மறு கை கணுக்காலைச் சொறிந்தபடி இருந்தது.
என் வரிசை எப்போது?
பால் மறக்கட்டும் என்றேன்.
நல்ல பசிக்காரன், என்றாள்,
லேசில் மறக்க மாட்டான்.
ஆற்றிலிருந்து கறுப்பு ஈக்கள் ஏறி வந்துகொண்டிருந்தன.

புது நோட்டில் முதல் பக்கம் அவளுக்கு.
பெயர் எழுதிவிட்டேன்.
அடிக்கோல் வைத்து
நாற்பத்திரண்டு கட்டமும் போட்டாயிற்று.
தேதி மட்டும் எழுதவில்லை.